ஆட்டுக்கு நின்ற பஸ்

எங்கள் பக்கம் ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள். சண்டை போட்டுவிட்டுப் போகிறவன்கூட வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே 'வாரேன்' என்றுதான் சொல்லுவான். என்னோடு படித்த அவள் மட்டும் 'போறேன்' என்பாள். மூன்று நாள் எங்கள் வீட்டில் தங்கி, எங்கள் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “போறேம்மா” என்றாள். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

“ஏட்டி, வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு பேசுத? வாரேன்னு சொல்லிட்டுப் போ.”

“இனிமே எப்ப வருவேன்னு தெரியலையேம்மா. வராம இருந்துட்டா அது பொய்யால்லா போயிரும்.”

அவள் தெரு திரும்புகிற வரைக்கும் அம்மா வாசலிலேயே நின்றாள். பிறகு அன்றைக்கு ராத்திரி முழுக்க, “அந்தப் பிள்ளைக்கு என்னா திமிரு பாரு” என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். திமிர் இல்லை. மனசில் இல்லாத ஒன்றை அவள் வாய் சொல்லாது, அவ்வளவுதான். அதைவிட ஆபத்தான விஷயம், அடுத்தவர்களும் அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துவிடுவாள்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மறந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் முகத்தை வருஷா வருஷம் ஒரு கூட்டம் பிளக்ஸில் போட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கட்டித் தொங்கவிடுகிறது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுப் போடவில்லை. முகத்தை எடுத்துக்கொண்டவர்களிடம் பெயரையும் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மனசில்லை. நான் கோவில்பட்டியில் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறவள். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று யார் யார் முகத்தையோ பத்தடிக்கு அடித்துக் கொடுக்கிறேன். அந்த ஒரு படத்தைப் பார்த்தால் மட்டும் எனக்கு வயிறு எரியும்.

டவுனில் ஒரே பெண்கள் பள்ளியில் நாங்கள் பிளஸ் ஒன் படித்தோம். எனக்கு நடக்கிற தூரம். அவள் புதூர் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். வீட்டில் வெள்ளாடு மேய்ப்பதுதான் தொழில். மழை பெய்தால் கொஞ்சம் கம்பும் உளுந்தும் போடுவார்கள். அவள் ஊர் ஸ்டாப்பில் ஐந்தாறு பிள்ளைகள் பஸ் பாஸை வைத்துக்கொண்டு நிற்பார்கள். காலையில் வருகிற பஸ் இந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் வேகம் எடுக்கும். பாஸில் ஏறுகிற பிள்ளைகளால் கலெக்‌ஷன் இல்லை, இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும் என்று நினைப்பு. நின்றாலும் ஸ்டாப்பைத் தாண்டி எங்கோ போய் நிற்கும். பிள்ளைகள் புத்தகப் பையோடு ஓடிப்போய்ச் சேருவதற்குள் கிளம்பிவிடும். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்தால் முதல் பீரியட் முடிந்திருக்கும்.

“மகாராணி வந்துட்டாங்க. நாளைக்காவது பெல் அடிக்கும் முன்ன வருவியா?” என்று டீச்சர் கேட்பார்.

மற்ற பிள்ளைகள் என்றால் “வருவேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார்கள். மறுநாளும் பிந்தி வருவார்கள். டீச்சருக்கும் அது தெரியும். இவள் நின்று யோசித்துவிட்டு, “பஸ் நின்னா வருவேன் டீச்சர்” என்பாள். வகுப்பே சிரிக்கும். எதிர்த்துப் பேசுகிறாள் என்று வெளியே நிறுத்துவார்கள். பொய்யாக ஒரு வார்த்தை சொன்னால் நிழலில் உட்காரலாம் என்கிற இடத்தில், உண்மையைச் சொல்லிவிட்டு வெயிலில் நிற்பாள். அந்த வருஷம் அவள் ஊரிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள் இந்த பஸ்ஸாலேயே படிப்பை நிறுத்திவிட்டார்கள். அடுத்தது தானாக இருக்கும் என்று அவளுக்குப் பயம் இருந்தது. 'தெனமும் வெளிய நிக்கிறதுக்கு எதுக்குப் போற, ஆட்டைப் பாரு' என்று வீட்டில் பேச்சு தொடங்கியிருந்தது.

காலாண்டு விடுமுறையில் அந்த மாநாடு வந்தது. இளையோர் தலைமைப் பண்பு மாநாடு. ஏதோ ஓர் அமைப்பு, மூன்று நாள், பைபாஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். பள்ளிக்கு இத்தனை பேர் என்று கேட்டிருந்தார்கள். விடுமுறையில் வர யாரும் ஒத்துக்கொள்ளாததால் எங்கள் இருவரையும் பிடித்து அனுப்பினார்கள். முதல் இரண்டு நாளும் முடிய ராத்திரி ஆகும், அதற்குமேல் ஊருக்குத் திரும்ப அவளுக்கு பஸ் கிடையாது என்பதால் எங்கள் வீட்டில் தங்கினாள்.

ஆளுக்கொரு தொப்பி கொடுத்தார்கள். மேடையில் ஒரு பயிற்சியாளர். எல்லாரும் அவரை சார் என்றோம். அந்த வெயிலிலும் டை கட்டியிருந்தார். மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். “நாங்கள்தான் நாளைய தலைவர்கள்!” என்று அவர் சொல்ல, நாங்கள் கையை முறுக்கிக்கொண்டு கத்த வேண்டும். இவள் வாயைத் திறக்கவில்லை. நான் இடித்தேன்.

“நாளைக்குத்தானட்டி தலைவரு? இன்னைக்கு எதுக்கு இந்தக் கத்து?” என்றாள்.

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

அன்று மத்தியானம் ஒரு விளையாட்டு வைத்தார்கள். ஒருத்தி நாற்காலி மேல் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே பின்னால் சாய வேண்டும். கீழே நிற்கிற குழு அவளைப் பிடிக்கும். ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை வளர்வதற்காம். எங்களில் ஒருத்தியும் ஒழுங்காக விழவில்லை. கடைசி நேரத்தில் முழங்கால் மடங்கிவிடும், கை நாற்காலியைத் தேடும். நான் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவையும் இறங்கிவிட்டேன். இவள் ஏறினாள், கண்ணை மூடினாள், வெட்டிவிட்ட மரமாக நேரே சாய்ந்தாள். பிடித்தவர்களுக்குக் கை வலித்தது. சார் மைக்கில், “இதுதான் நம்பிக்கை! பார்த்துக் கத்துக்கோங்க!” என்று கூவினார். எப்படிப் பயமில்லாமல் விழுந்தாய் என்று கேட்டேன்.

“புடிப்போம்னு சொன்னாகள்லா?” என்றாள்.

கடைசி நாளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஒவ்வொரு குழுவும் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, சார்ட்டில் எழுதி, தலைமை விருந்தினர் முன்னால் விளக்க வேண்டும். பிரச்சினை என்ன, நம்மிடம் உள்ள வளங்கள் என்ன, தீர்வு என்ன, யார் பொறுப்பு என்று கட்டம் கட்டமாகப் பிரித்துத் தந்தார்கள். ஒரு குழு மரம் நடுவோம் என்றது. ஒரு குழு பிளாஸ்டிக் பையை ஒழிப்போம் என்றது. எங்கள் குழுவில் அவள் பஸ்ஸைச் சொன்னாள். சரி என்றோம். வளங்கள் என்ற கட்டத்தில் நான் மனு, கலெக்டர் ஆபீஸ், பத்திரிகை என்று எழுதினேன். அவள் பேனாவை வாங்கி, அதற்குக் கீழே பெரிதாக 'ஆடு' என்று எழுதினாள்.

மேடையில் அவளே விளக்கினாள். எங்கள் பக்கம் ரோட்டில் ஓர் ஆடு அடிபட்டால் வண்டி அங்கிருந்து நகராது. ஊரே கூடிவிடும். செத்தது கிடாவாகவே இருந்தாலும் சினையாடு என்று சொல்லி வழக்குப் பேசுவார்கள். கேட்டதைக் கொடுத்தால்தான் வண்டி கிளம்பலாம். அதனால் கரிசல் காட்டு ரோட்டில் வண்டி ஓட்டுகிற எந்த டிரைவரும் தூரத்தில் ஆட்டைக் கண்டாலே பிரேக்கில் காலை வைத்துவிடுவான். இதைத்தான் சொன்னாள்.

“எங்களைப் பாத்தா நிக்க மாட்டாக. ஆட்டைப் பாத்தா நிப்பாக. அதனால பஸ் வார நேரத்துக்கு ஆட்டை ரோட்டுக்குப் பத்திட்டு வந்தாப் போதும்.”

மண்டபம் சிரித்துத் தள்ளியது. தலைமை விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சார் ஓடிவந்து அவள் கையைத் தூக்கிப் பிடித்து, “லோக்கல் ரிசோர்ஸ்! இதைத்தான் மூணு நாளாச் சொல்லிட்டிருக்கேன்! இவதான் லீடர்!” என்றார். சிறந்த இளம் தலைவர் ஷீல்டு அவளுக்குக் கிடைத்தது. அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கையில் ஒரு போட்டோ எடுத்தார்கள். அந்தப் படம்தான் இன்றைக்கும் தொங்குகிறது.

கடைசியில், “கேள்வி இருந்தா கேளுங்க” என்றார் சார். மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் எல்லாரும் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கையைத் தூக்கினாள்.

“சார், நாங்க இதைச் செஞ்சு ஏதும் பெரச்சினை ஆயிட்டுன்னா நீங்க வருவீகளா?”

சார் நெஞ்சில் கையை வைத்தார். “கண்டிப்பா வருவோம்மா. நீங்க முன்னால நடங்க. எப்பவும் உங்க பின்னால நாங்க நிப்போம்.”

எல்லாரும் கை தட்டினார்கள். அவள் தட்டவில்லை. தலையை ஆட்டி, கேட்டுக்கொண்டேன் என்பதுபோல் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம்தான் எங்கள் அம்மாவிடம் 'போறேன்' என்று சொல்லித் திட்டு வாங்கியது.

பள்ளி திறந்த மறுநாள் அதைச் செய்யப் போவதாகச் சொன்னாள். நான் அவள் ஊருக்கே போய்ப் பார்த்தேன். அம்மாவிடம் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல். ரோட்டோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். ஸ்டாப் என்று சொல்ல அங்கே ஒரு கல்கூடக் கிடையாது. பிள்ளைகள் பையோடு நின்றார்கள். அவளும் யூனிபார்மில்தான் நின்றாள். கையில் ஒரு பை நிறைய, ஆடு விரும்பித் தின்கிற கருவேல நெற்று. அவளுடைய அப்பா தொரட்டிக் கம்போடு ஆடுகளை ரோட்டோரத்தில் மடக்கி வைத்திருந்தார். தினமும் அந்த ரோட்டைத் தாண்டித்தான் மேய்ச்சலுக்குப் பத்துவார்களாம். நேரத்தை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தாள்.

பஸ் மேட்டில் ஏறுவது தெரிந்ததும் நெற்றை ரோட்டில் இறைத்துவிட்டாள். ஆடுகள் வந்து ரோட்டை அடைத்துக்கொண்டு நின்று தின்ன ஆரம்பித்தன. ஹாரன் அங்கிருந்தே அலறிக்கொண்டு வந்தது. ஒரு கிழட்டு ஆடு அதைக் காதில் வாங்காமல் நடுரோட்டில் படுத்துவிட்டது. பஸ் நின்றது. சரியாகப் பிள்ளைகள் முன்னால் நின்றது.

“ஏ மூதி! ரோடு என்ன ஒங்க அப்பன் வீட்டுத் தொழுவா? ஆட்டை ஓட்டு!” என்று டிரைவர் கத்தினார்.

அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பி, “ஏறுங்க, ஏறுங்க” என்றாள். எல்லாரும் ஏறிய பிறகு அப்பாவுக்குக் கையைக் காட்டினாள். அவர் ஆடுகளைப் பத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் இறங்கினார். கடைசியாக அவள் ஏறி, பாஸை எடுத்துக் கண்டக்டரிடம் காட்டினாள். அவர் பாஸைப் பார்க்காமல் ஜன்னல் வழியே ஆடுகளைப் பார்த்தார்.

“இது என்ன கூத்து, தாயி?”

“பிள்ளைகளுக்கு நின்னீகன்னா ஆட்டுக்கு நிக்க வேண்டாம் அண்ணாச்சி” என்றாள்.

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பயமும் சந்தோஷமும் எனக்குச் சேர்ந்தே வந்தன. அன்றைக்கு பெல் அடிக்கும் முன்னாலேயே அவள் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். படிப்பை நிறுத்திய இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி மறுபடி பள்ளிக்கு வந்தாள்.

அடுத்த வாரம், பெரிய டீச்சர் என்று நாங்கள் சொல்கிற ஹெட்மிஸ்ட்ரஸின் அறைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். குழுவில் இருந்தவள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். பஸ்ஸை மறிக்கிறார்கள் என்று புகார் வந்திருந்தது. அவளுடைய அப்பா துண்டைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு அவள் மாநாட்டைச் சொல்லியிருந்தாள். அதனால் அந்த சாரையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

சார் உள்ளே வந்தார். அவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். என் கையைப் பிடித்து அழுத்தி, “வந்துட்டாகட்டி” என்றாள். சொன்னபடி வந்துவிட்டார் என்று நினைத்தாள். அவள் அப்பாவைப் பார்த்து, “நான் சொன்னேன்லப்பா, இவியதான்” என்றாள். அவர் சாரைப் பார்த்துக் கும்பிட்டார்.

சார் உட்கார்ந்து, டையைச் சரி செய்துகொண்டு, பெரிய டீச்சரிடம் பேசினார். “மேடம், எங்க அமைப்புக்கும் இதுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. நாங்க சொல்லிக் கொடுக்கிறது தலைமைப் பண்பு. இது ரவுடித்தனம்.”

அவளுக்குப் புரியவில்லை. ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டது என்றுதான் நினைத்தாள். “சார், சார்ட்டுல எழுதியிருந்தேனே. நீங்கதான கையத் தூக்கிப் புடிச்சீக?” என்றாள்.

“அது பயிற்சிம்மா” என்றார் சார்.

இத்தனை வருஷம் ஆகிவிட்டது. அந்த இரண்டு வார்த்தை இப்போதும் எனக்கு ஆறவில்லை. அது பயிற்சியாம். அப்படியென்றால் நாற்காலியிலிருந்து விழச் சொன்னது எதற்கு? நெஞ்சில் கையை வைத்தது எதற்கு? பிள்ளைகளை உட்காரவைத்து மூன்று நாள் நம்பிக்கை நம்பிக்கை என்று பாடம் நடத்திவிட்டு, ஒரு பிள்ளை அதை நம்பிவிட்டால் ரவுடி என்பதா? நானும் அங்கே வாயைத் திறந்தேன். “அவ கேட்டா சார், வருவீகளான்னு. வருவேன்னு சொன்னீக” என்றேன். பெரிய டீச்சர் என்னைப் பார்த்து, “ஒனக்கும் டி.சி. வேணுமா?” என்றார். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். கதவுக்கு வெளியே நின்று மீதியைக் கேட்டேன்.

இனிமேல் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். அவள் அப்பா கெஞ்சினார். “எழுதிக் குடுத்துரு தாயி. ஆட்டை நான் வேற நேரம் பத்திக்கிடுதேன்.” பிறகு அவள் குரல் கேட்டது.

“பஸ் நிக்கலைன்னா திரும்பவும் செய்வேன் டீச்சர். செய்ய மாட்டேன்னு எப்படி எழுத?”

ஒரு வரி எழுதியிருந்தால் படிப்பு மிஞ்சியிருக்கும் என்று எங்கள் அம்மா சொன்னாள். தெருவே சொன்னது. பிடிவாதக்காரி என்றார்கள். பெரியவர்கள் அத்தனை பேர் சேர்ந்து பொய் சொல்வார்களாம், அதில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாதாம். பதினாறு வயசுப் பிள்ளை ஒரு பொய்யைச் சொல்லவில்லையென்று படிப்பு போகுமாம். இதில் பிடிவாதம் யாருக்கு என்று நான் அம்மாவிடம் கத்தினேன்.

டி.சி. கொடுத்துவிட்டார்கள். போகும்போது சார் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த ஷீல்டு அவளிடம் இருப்பது அமைப்புக்கு நல்ல பெயர் தராதாம். மறுநாள் அவள் அதை ஓர் உரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து பெரிய டீச்சர் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். பள்ளி வாசலில் என்னைப் பார்த்தாள். அழவில்லை. “புடிக்கல பாத்தியா” என்றாள். நான் முதலில் ஷீல்டைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நாற்காலி விளையாட்டைச் சொல்லியிருக்கிறாள் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

தை மாதம் அவளைத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு அனுப்பினார்கள். பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பப் போனேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, “போறேன்ட்டி” என்றாள்.

அவள் இல்லாவிட்டாலும் அவள் ஊரில் பஸ் நின்றது. அந்த மேட்டில் ஏறினால் எப்போது ஆடு குறுக்கே வருமோ என்று டிரைவர்களுக்குப் பயம் பழகிப்போயிற்று. வேகத்தைக் குறைப்பார்கள். குறைத்ததும் பிள்ளைகள் ஏறிக்கொள்வார்கள். இப்போது கண்டக்டர்களே, “ஆட்டு ஸ்டாப் எல்லாம் எறங்கு” என்று கூப்பிடுகிறார்கள். புதிதாக வந்த கண்டக்டருக்கு ஏன் அந்தப் பெயர் என்று தெரியாது. ஆட்டின் பெயர் ஊருக்கு நிலைத்துவிட்டது, பெற்ற பிள்ளையின் பெயர் ஒருத்தருக்கும் தெரியவில்லை என்று எனக்கு அதிலும் கோபம்தான்.

திருப்பூரிலிருந்தே தனியாகப் பரீட்சை எழுதிப் பிளஸ் டூ முடித்தாள். எப்போதாவது போனில் பேசுவோம். அவளோடு வேலை பார்க்கிற பிள்ளைகளில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், யாருடைய சம்பளத்தைப் பிடித்துவைத்தாலும் அவளைத்தான் முதலில் கூப்பிடுவார்களாம். போய் நிற்பாளாம். “என்னட்டி பேசுவ அங்கன போயி?” என்று கேட்டேன். “ஒண்ணும் பேச மாட்டேன். சும்மா கூட நிப்பேன். ஆள் கூட நிக்குதுன்னாலே அவிய ஒழுங்காப் பேசுவாக” என்றாள்.

இந்த வருஷம் அந்த சார் என் கடைக்கே வந்தார். அவர்கள் வழக்கமாக அடிக்கிற கடையில் மிஷின் ரிப்பேராம். தலைமுடிக்கு மை, கழுத்தில் அதே டை. என்னை அடையாளம் தெரியவில்லை. மாநாட்டு பிளக்ஸ், இருபதுக்குப் பத்து என்றார். செல்லில் படத்தை அனுப்பினார். ஷீல்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் நின்றாள்.

“யாரு சார் இந்தப் பிள்ளை?” என்று கேட்டேன்.

“பழைய ஸ்டூடண்ட்மா. பேரு ஞாபகம் இல்ல. முகத்துல ஒரு கான்ஃபிடன்ஸ் தெரியுது பாருங்க. அதான் வருஷா வருஷம் போடுறோம்.”

என் கையில் இருந்த காலண்டர் அட்டையை அவர் மூஞ்சியில் எறிந்திருப்பேன். எறியவில்லை. டிசைன் பண்ணி அனுப்புறேன் சார் என்று சொல்லி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த பிளக்ஸை அடிக்க மாட்டேன், நேரே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்கப் போகிறேன் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“இப்பவும் கடைசி நாள்ல, ஒங்க பின்னால நிப்போம்னு சொல்லுதாகளா?”

“அவிய சொல்லாம இருப்பாகளா?”

“அதைக் கேட்டுட்டு ஏதாவது ஒரு பிள்ளை நம்பிரும்லா?”

நான் ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தினேன்.

“படத்தை எடுக்காத. கீழ என் நம்பரைப் போடு” என்றாள். “செஞ்சு பாத்து ஏதும் பெரச்சினை வந்தா கூப்பிடுங்க, வருவேன்னு எழுது.”

அப்படியே எழுதினேன். அவள் படத்துக்குக் கீழே, கொட்டை எழுத்தில், 'செய்து பார்த்துச் சிக்கல் வந்தால் கூப்பிடுங்கள், வருவேன்' என்று போட்டு, நம்பரையும் போட்டேன். எதையும் மறைக்கவில்லை. டிசைனை சாருக்கே அனுப்பினேன். படித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்றும் எழுதினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. 'நல்ல வாசகம், அடிச்சிருங்க' என்று வந்தது. அவர் வாசகத்தைப் பார்த்திருக்கிறார். அதில் சொல்லியிருப்பதைப் படிக்கவில்லை. வாயால் சொன்னதையே ஞாபகம் வைக்காதவர், எழுத்தில் வந்ததையா படிக்கப் போகிறார்?

மாநாடு நடந்தது. பிள்ளைகள் அந்த பிளக்ஸ் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மாநாடு முடிந்து ஒரு வாரம் கழித்து சார் போனில் கூப்பிட்டுக் கத்தினார்.

“என்ன மேடம், யாரு நம்பரைப் போட்டீங்க? ஏதோ பிள்ளை அதுல கூப்பிட்டுப் பேசியிருக்கு. அவங்க ஹெட்மாஸ்டர் எங்கிட்ட சத்தம் போடுறார்.”

“படத்துல இருக்கிற பிள்ளையோட நம்பர்தான் சார்” என்றேன். “பேரு ஞாபகம் இல்லன்னீகளே. அவகிட்டயே கேட்டுக்கிடுங்க.”

பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தேன். அவ்வளவு வருஷத்துக் கோபத்துக்கு அது காணாது. இருந்தாலும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததுபோல் இருந்தது.

அன்றைக்கே மத்தியானம் அவள் கூப்பிட்டாள். பின்னால் பஸ் ஸ்டாண்டுச் சத்தம்.

“ஏட்டி, கயத்தாறு பக்கத்துப் பிள்ளை ஒண்ணு. பள்ளிக்கூடத்துல பிள்ளைக கக்கூஸைப் பூட்டியே போட்டிருக்காகளாம். பூட்டை ஒடைச்சுத் தொறந்துட்டா. நாளைக்கு அப்பனைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காக. டி.சி. குடுத்துருவோம்னு மெரட்டுதாகளாம். அழுகுதா.”

“நீ அங்கன இருந்து என்னட்டி செய்ய முடியும்? இன்னைக்கு ஒனக்கு வேலை இல்லையா?”

“லீவு சொல்லிட்டேன். அவிய ஆபீஸ் ரூம்ல அந்தப் பிள்ளை ஒத்தையா நிக்கக் கூடாதுட்டி. கதவு தொறந்து ஆள் வந்தா, அது அவளுக்காக வந்த ஆளா இருக்கணும்.”

கண்டக்டர் விசில் அடிப்பது கேட்டது. அவள் அவசரமாக ஏறியிருக்க வேண்டும். மூச்சு வாங்கியது. சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் வைப்பதற்கு முன்னால் சொன்னாள்.

“வாரேன்ட்டி.”